சுற்றுப்புறத்துக்கு ஏற்ற கட்டடம்: கணினியை எந்த வழியில் பயன்படுத்துவது?

உயரமான கட்டடத்தைத் திட்டமிடுகிறவர்கள் தொடக்கத்திலேயே தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. வெயில், காற்று, பக்கத்துக் கட்டடங்கள், தெருவில் நடப்பவர்கள் என்று சுற்றியுள்ள அனைத்தையும் கணக்கில் எடுத்து வடிவத்தை அமைக்கக் கணினி உதவும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்த உதவியை எந்த வழியில் பெறுவது என்பதில்தான் கருத்துகள் பிரிகின்றன. வரைந்து முடித்த வடிவத்தைக் கணினியில் சோதித்துப் பார்க்கலாம். சூழலின் எண்களிலிருந்தே வடிவம் பிறக்கும்படி விதிகளை எழுதலாம். ஆயிரக்கணக்கான வடிவங்களைக் கணினியே தேடிச் சிறந்ததை எடுத்துத் தரும்படி விடலாம். கட்டி முடித்த பிறகும் வெயிலுக்கேற்பத் திறந்து மூடுகிற முகப்பைப் பொருத்தலாம். நான்குக்கும் ஆதரவாளர்கள் இருக்கிறார்கள். நான்கையும் நியாயப்படுத்தப் பெயர்பெற்ற கட்டடங்களும் இருக்கின்றன. செலவும் நேரமும் தேவைப்படும் திறமையும் மட்டும் வழிக்கு வழி வேறுபடுகின்றன.

இவற்றை எடைபோட நான் ஒரே ஓர் அளவுகோலை வைத்திருக்கிறேன். சுற்றுப்புறம் கட்டடத்தை என்ன செய்கிறது என்பது பாதிக் கணக்கு. கட்டடம் சுற்றுப்புறத்தை என்ன செய்கிறது என்பது மறுபாதி. சூழலுக்கு ஏற்ற வடிவமைப்பு என்ற பெயரில் செய்யப்படும் வேலைகளில் பெரும்பாலானவை முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. உள்ளே எவ்வளவு வெப்பம் நுழைகிறது, குளிர்சாதனத்துக்கு எவ்வளவு மின்சாரம், மேசைமேல் எவ்வளவு வெளிச்சம் என்று கேட்கிறோம். எதிர்வீட்டு ஜன்னலில் விழும் ஒளியையும், வாசலைக் கடந்து நடக்கிறவரைத் தள்ளும் காற்றையும் கேட்பதில்லை. கேட்காததன் விலை என்ன என்பதற்கு உதாரணங்கள் கண்முன்னே இருக்கின்றன.

லண்டனில் 20 ஃபென்சர்ச் தெருவில் எழுந்த கோபுரத்தின் தெற்கு முகப்பு உட்குழிந்த கண்ணாடிப் பரப்பு. 2013 கோடையின் முடிவில், பணி இன்னும் நடந்துகொண்டிருந்தபோதே, அந்தப் பரப்பு வெயிலைக் குவித்துத் தெருவில் இறக்கியது. அங்கே நிறுத்தியிருந்த ஒரு காரின் பாகங்கள் வெப்பத்தில் உருக்குலைந்தன. தற்காலிகத் திரை கட்டினார்கள். மறு ஆண்டு முகப்பில் நிரந்தரமாக நிழல் தகடுகளைப் பொருத்தினார்கள். லீட்ஸ் நகரில் 2007-இல் முடிந்த 32 மாடி பிரிட்ஜ்வாட்டர் பிளேஸ் கட்டடத்தின் கதை இதைவிடக் கொடியது. அதன் அடியில் வேகமெடுத்த காற்று 2011-இல் ஒரு லாரியைக் கவிழ்த்தது. வழியே நடந்து சென்ற ஒருவர் அதன்கீழ் சிக்கி இறந்தார். காற்றைத் தடுக்கும் அமைப்புகளைத் தெருவின் குறுக்கே நிறுவப் பல ஆண்டுகள் ஆயின. இந்த இரண்டு விளைவுகளையும் கணிக்கத் தேவையான இயற்பியல் ஏற்கெனவே நன்றாகத் தெரிந்ததுதான். நான்கு வழிகளில் எது அந்த மறுபாதிக் கணக்கைக் கட்டாயமாகக் கண்ணில் காட்டும் என்று கேட்டுப் பார்த்தால் தேர்வு வெகுவாக எளிதாகிறது.

முதல் வழி, வரைந்துவிட்டுச் சோதிப்பது. இதற்கான கருவிகள் முதிர்ந்தவை, நம்பகமானவை. ஒளிக்கு லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் உருவான ரேடியன்ஸ் இருக்கிறது, ஆண்டு முழுவதற்குமான எரிசக்திக் கணக்குக்கு எனர்ஜிபிளஸ் இருக்கிறது, காற்றுக்கு, சிறு மாதிரியின்மேல் காற்றை வீசிப் பார்க்கும் காற்றுச் சுரங்கச் சோதனையும் கணினிவழிக் காற்றோட்டக் கணிப்பும் இருக்கின்றன. கட்டடக் கலைஞர் தன் போக்கில் வரையலாம், சோதிப்பதை நிபுணரிடம் விடலாம். தாழ்வான, திறந்த மனையில் தனியாக நிற்கும் கட்டடத்துக்கு இதுவே போதும்.

உயரமான கட்டடத்தில் இந்த வழி தோற்பது கருவியின் குறையால் அல்ல, நேரம் கடந்துவிடுவதால். சோதனை முடிவு கைக்கு வரும்போது தளங்களின் பரப்பு, தூண்களின் இடம், லிஃப்ட்டுகளின் எண்ணிக்கை எல்லாம் முடிவாகியிருக்கும். வடிவத்தைத் தொட முடியாது. எனவே தீர்வு ஒட்டுப்போடுவதாகவே அமையும்: திரை, தகடு, தடுப்பு. லாஸ் ஏஞ்சலிஸில் 2003-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி இசையரங்கின் எஃகுப் போர்வையில் கண்ணாடிபோல் மெருகேற்றிய சில வளைவுகள் பக்கத்துக் குடியிருப்புகளுக்கு வெப்பத்தையும் கண்கூச்சத்தையும் அனுப்பின. 2005-இல் அந்தப் பகுதிகளைத் தேய்த்து மங்கலாக்க வேண்டியதாயிற்று. அதே கருவியை முன்கூட்டியே பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2015-இல் முடிந்த 632 மீட்டர் ஷாங்காய் கோபுரம் சான்று. வெவ்வேறு அளவுக்கு முறுக்கிய மாதிரிகளைக் காற்றுச் சுரங்கத்தில் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் 120 டிகிரி முறுக்கைத் தேர்ந்தெடுத்தார்கள். காற்று தரும் சுமை 24 சதவீதம் குறைந்தது. புர்ஜ் கலீஃபாவிலும் காற்றுச் சோதனை வடிவமைப்போடு கூடவே நடந்தது. கட்டடத்தை எந்தத் திசை நோக்கி நிறுத்துவது என்பதையே அந்தச் சோதனைகள் மாற்றின.

இரண்டாவது, விதிகளை எழுதும் வழி. பாராமெட்ரிக் என்று பரவலாக அறியப்படுவது. இத்தாலியக் கட்டடக் கலைஞர் லூயிஜி மொரெட்டி 1960-இல் மிலானில் ஒரு கண்காட்சியில், பார்வையாளர்களின் பார்வைக் கோணம் முதலிய அளவுகளிலிருந்து வடிவம் பெற்ற விளையாட்டரங்க மாதிரிகளைக் காட்டினார். அன்று கணிதவியலாளர்களின் துணை தேவைப்பட்ட வேலையை முப்பரிமாண வரைதல் மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும், 2007-இல் வெளிவந்த கிராஸ்ஹாப்பர் செருகு நிரல் சாதாரண அலுவலகங்களுக்குக் கொண்டுவந்தது. 2013-இல் அதற்குத் துணையாக வந்த லேடிபக் நிரல், வானிலைக் கோப்புகளை நேரடியாக அதற்குள் இணைத்தது. இவற்றில் கட்டடக் கலைஞர் வடிவத்தை வரைவதில்லை. வடிவத்துக்கும் சூழலுக்கும் உள்ள உறவை எழுதுகிறார். எண் மாறினால் வடிவம் தானே மாறும்.

இதன் அருமை எங்கே இருக்கிறது என்பதை ஒரே ஒரு ஜன்னலை வைத்துப் பார்க்கலாம். ஜன்னலின் உயரம் 1.5 மீட்டர். வெயில் முகப்புக்கு நேராக, தொடுவானத்திலிருந்து 60 டிகிரி உயரத்தில் நிற்கும்போது கண்ணாடியை முழுக்க நிழலில் வைக்க 87 சென்டிமீட்டர் நீளமுள்ள சன்ஷேடு போதும். அதே ஜன்னலை மேற்குச் சுவரில் வைத்து, மாலையில் சூரியன் 25 டிகிரிக்கு இறங்கும் நேரத்துக்குக் கணக்கிட்டால் 3.2 மீட்டர் வேண்டும். அதை யாரும் கட்ட மாட்டார்கள். அங்கே செங்குத்துப் பலகைகள் வேண்டும், அல்லது ஜன்னலையே சிறிதாக்க வேண்டும். இந்தக் கணக்கை இரண்டு ஜன்னல்களுக்குக் கையாலேயே போட்டுவிடலாம். வளைந்து திரும்பும் முகப்பில் ஒவ்வொரு ஜன்னலும் வேறு திசையைப் பார்க்கும்போதுதான் விதி கைகொடுக்கிறது. சிங்கப்பூரில் 2002-இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் அரங்கின் மேல்போர்வையில் 7,000-க்கும் மேற்பட்ட அலுமினிய நிழல் தகடுகள் உள்ளன. அவை இருக்கும் இடத்தையும் சூரியன் வரும் கோணத்தையும் பொறுத்து அவற்றின் சாய்வு மாறுகிறது.

இப்போது அதே மேற்குச் சுவருக்கு எதிரே இன்னொரு கட்டடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூரியன் இறங்க இறங்க அதன் நிழல் நம் கீழ்மாடிகளில் ஏறிவருகிறது. மேல்மாடிகளுக்குத்தான் பலகை வேண்டும், கீழ்மாடிகளுக்கு உண்மையில் வெளிச்சம்தான் வேண்டும். பக்கத்துக் கட்டடத்தை மாதிரியில் சேர்க்காத விதி எல்லா மாடிகளிலும் ஒரே பலகையை அடித்து, ஏற்கெனவே இருண்ட அறைகளை மேலும் இருட்டாக்கும். சேர்த்த விதி மாடிக்கு மாடி மாறும். ஆனால் எதிர்க்கட்டடம் நாளை இடிக்கப்பட்டால்? கீழ்மாடி ஜன்னல்கள் முழு வெயிலில் நிற்கும். ஆகவே எதிரே கட்டடம் இருக்கும் நிலை, இல்லாத நிலை, கட்டட விதிகள் அனுமதிக்கும் உயரம்வரை அது வளர்ந்த நிலை ஆகிய மூன்றுக்கும் மாதிரியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பாராமெட்ரிக் வழியில் இது அரை மணி நேர வேலை. முதல் வழியில் மூன்று தனித்தனி ஆய்வுகளுக்குப் பணம் கட்டவேண்டியிருக்கும், எனவே யாரும் செய்வதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது வழியை மேலானதாக மதிக்கிறேன்.

மறுபாதிக் கணக்கையும் இது நன்றாகவே தாங்கும். தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் நோல்ஸ் உருவாக்கிய வெயில் எல்லை என்ற கருத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட நேரங்களில் அக்கம்பக்கத்து மனைகளின்மேல் நிழல் விழாதபடி நம் மனையில் எழுப்பக்கூடிய மிகப்பெரிய கன அளவு எது என்பதே அதன் கேள்வி. நிழல் கூடாத நேரங்களைச் சொன்னால், எந்த மூலையில் எவ்வளவு உயரம் போகலாம் என்பது வடிவியலாக வந்துவிடும். நியூயார்க் நகரம் 1916-இல் கொண்டுவந்த கட்டட விதியும் இதே அக்கறையில் பிறந்ததுதான். 1915-இல் முடிந்த எக்விட்டபிள் கட்டடத்தின் நிழல் சுற்றுவட்டாரத்தையே மூடியது. அதன்பின் உயர உயரப் பின்வாங்கிச் செல்லும் படிக்கட்டு வடிவத்தைச் சட்டம் கேட்டது. இன்று இதைக் கிராஸ்ஹாப்பரில் சில நிமிடங்களில் வரைந்துவிடலாம். அந்த எல்லைக்குள் நின்று வடிவமைக்கத் தொடங்குவதற்கும், வடிவமைத்த பிறகு நிழலைச் சோதிப்பதற்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

லண்டனில் 2004-இல் திறக்கப்பட்ட 30 செயிண்ட் மேரி ஆக்ஸ் கோபுரம் இரு பாதிகளையும் ஒரே வடிவத்தால் தீர்த்ததற்கு நல்ல சான்று. 180 மீட்டர் உயரம். அகன்ற தட்டைச் சுவரில் மோதும் காற்று, உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்குவரையுள்ள மட்டத்தில் பிரிந்து, ஒரு பகுதி கீழ்நோக்கி இறங்கித் தெருவில் வேகத்தோடு பாயும். காற்றின் வேகம் இரு மடங்கானால் நடப்பவர்மேல் அது தரும் விசை நான்கு மடங்காகும். வட்டமாக, அடியில் சற்றே ஒடுங்கிய உடலைச் சுற்றிக் காற்று வழுக்கிச் செல்வதால் அந்த இறக்கம் குறைகிறது. சுற்றிலும் உண்டாகும் அழுத்த வேறுபாட்டை உள்ளே காற்றோட்டத்துக்கும் பயன்படுத்தத் திட்டமிட்டார்கள். வாசலில் நடப்பவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஒரே வளைவு பயன்படுகிறது. இதைத்தான் சூழலுக்கு ஏற்ற வடிவம் என்று சொல்ல எனக்கு மனம் வருகிறது.

பாராமெட்ரிக் வழிக்கும் குறைகள் உண்டு. உறவுகளை எழுதியவர் ஒருவராக இருந்து, அவர் இடையில் விலகிவிட்டால் மாதிரியை வேறு யாராலும் திறந்து திருத்த முடியாமல் போகும். விதிகள் இருக்கும்வரை சூழல்மேல் அக்கறை இருக்கிறது என்ற மயக்கமும் வரும். முகப்பில் கோலம்போட்டாற்போல் தகடுகள் நெளிந்து போவதைப் பார்த்து வெயிலுக்கு ஏற்ற வடிவம் என்று நம்பிவிடுகிறோம். எந்த எண் அந்த நெளிவை உண்டாக்கியது என்று கேட்டால் பதில் கிடைக்காத முகப்புகள் நிறையவே இருக்கின்றன. ஒப்படைக்கும் நாளில் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

மூன்றாவது வழி, சிறந்ததைத் தேடும் நிரல். மரபணு வழிமுறைகளைப் பின்பற்றும் இந்த நிரல்கள் பல வடிவங்களை உண்டாக்கி, மதிப்பெண் இட்டு, நல்லவற்றைக் கலந்து அடுத்த தலைமுறையைப் படைக்கின்றன. கிராஸ்ஹாப்பருக்குள்ளேயே கலாபகோஸ் என்ற தேடல் கருவி இருக்கிறது. ஒவ்வொரு வடிவத்துக்கும் காற்றோட்டக் கணிப்பு நடத்தினால் மணிக்கணக்காகும் என்பதால், பயிற்றுவித்த கணிப்பு மாதிரிகளை வைத்து நொடிகளில் தோராய விடை தரும் கருவிகளும் வந்துவிட்டன. நார்வேயில் தொடங்கிய ஸ்பேஸ்மேக்கர் என்ற நிறுவனத்தை, வடிவமைப்பு மென்பொருள் நிறுவனமான ஆட்டோடெஸ்க் 2020-இல் வாங்கியதிலிருந்து இந்தத் திசைக்கு எவ்வளவு எதிர்பார்ப்பு இருக்கிறது என்று அறியலாம்.

இந்த வழியின் ஆற்றலை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் மிகக் கவனமாகக் கையாள வேண்டிய வழி இதுதான். தேடல் நிரல் கேட்டதை மட்டுமே காக்கும். பட்டியலில் இல்லாதது எதுவானாலும் அதைத் தயக்கமின்றிச் செலவழிக்கும். உள்ளே நுழையும் வெப்பத்தைக் குறைக்கச் சொன்னால், வெப்பம் முழுவதையும் தெருவுக்குத் திருப்பி அனுப்பும் கண்ணாடிக்கு அது முதல் மதிப்பெண் தரும். பக்கத்து வீட்டு வெளிச்சத்தையும் ஓர் இலக்காகச் சேர்த்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. இலக்குகளுக்குள் பேரம் நடக்கும். விற்பனைக்குரிய பரப்பு சற்றே கூடினால் அண்டை வீட்டாரின் ஒரு மணி நேர வெயிலை விட்டுக்கொடுக்கலாம் என்று, நிரல் தரும் ஒப்பீட்டு வரைபடத்தில் ஒரு புள்ளி காட்டும். முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தப் புள்ளிதான் தேர்வாகும், ஏனென்றால் அண்டை வீட்டார் அந்தக் கூட்டத்தில் இருப்பதில்லை. பிறர்மேல் விழும் தீங்கை இலக்காக அல்ல, மீற முடியாத வரம்பாக எழுத வேண்டும். வரம்பை மீறும் வடிவம் எவ்வளவு மதிப்பெண் பெற்றாலும் தள்ளப்பட வேண்டும். இந்தச் சிறிய வேறுபாட்டில்தான் மூன்றாவது வழியின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன.

நிரலுக்குக் கொடுக்கும் உணவையும் பார்க்க வேண்டும். வழக்கமான வானிலைக் கோப்பில் ஆண்டின் 8,760 மணி நேரமும் வரிசைக்கு ஒன்றாக இருக்கும்: வெப்பநிலை, ஈரப்பதம், காற்றின் திசை, வேகம், நேர்க்கதிர் வெயில். பார்க்க முழுமையானதாகத் தோன்றும். ஆனால் அது நிகழ்ந்த ஆண்டு அல்ல. பல ஆண்டுப் பதிவுகளிலிருந்து வழக்கமானதாகத் தோன்றும் ஜனவரி ஒன்றையும் பிப்ரவரி ஒன்றையும் தனித்தனியே எடுத்துக் கோத்த ஆண்டு. கடும் வெப்ப அலைகள் அதில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். அளவீடுகள் பெரும்பாலும் விமான நிலையத்தில் எடுத்தவை. திறந்த வெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளந்த காற்றுக்கும், கட்டடங்களுக்கு நடுவே நம் மனையில் வீசும் காற்றுக்கும் தொலைவு அதிகம். இரவில் நகரம் வெப்பத்தைத் தேக்கி வைப்பதும் அதில் தெரியாது. இப்படிப்பட்ட எண்களை வைத்து இரண்டு வடிவங்களுக்கு இடையே 2 சதவீத வேறுபாட்டைத் தேடுவது பொருளற்றது. மனையில் சில மாதங்களாவது ஒரு வெப்பமானியும் காற்றுமானியும் நிறுத்திப் பார்ப்பது, தேடல் நிரலுக்குச் செலவிடும் கூடுதல் மணி நேரங்களைவிட அதிகப் பயன் தரும்.

அசையும் முகப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரிஸில் 1987-இல் திறந்த அரபு உலக நிறுவனத்தின் தெற்கு முகப்பில், கேமராவின் கண்போல் விரிந்து சுருங்கும் துளைகள் கொண்ட 240 பலகைகள் உள்ளன. கண்ணைக் கவரும் வேலைப்பாடு. ஆனால் பல துளைகள் இயங்காமல் நின்றுபோய், பிற்பாடு சீரமைப்பு தேவைப்பட்டது. 2012-இல் அபுதாபியில் முடிந்த அல் பஹர் கோபுரங்களில் கோபுரத்துக்கு 1,000-க்கும் மேற்பட்ட மடிப்புத் திரைகள் சூரியனின் பாதையைப் பின்பற்றித் திறந்து மூடுகின்றன. வெயில் குறைவாக விழும் வடக்குப் பக்கத்தை வெறுமையாக விட்டது நல்ல முடிவு. இந்த வழி பொருந்தும் இடம் குறுகியது: வெயில் மிகக் கடுமையாக இருந்து, நிலையான தடுப்பு வைத்தால் மற்ற நேரங்களில் வெளிச்சமும் காட்சியும் அறவே போய்விடும் என்ற நிலை வேண்டும், அத்துடன் பல பத்தாண்டுகளுக்குப் பராமரிப்பைச் சுமக்கக்கூடிய உரிமையாளரும் வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும், உள்ளே இருப்பவர் கையால் இழுத்து மூடும் வெளித் திரை அதே வேலையைச் செய்யும். அண்டை அயலாரின் கணக்கில் இந்த வழி ஒன்றும் சேர்ப்பதில்லை.

ஆகவே நடுத்தர, உயரமான கட்டடங்களுக்கு என் தேர்வு இரண்டாவது வழி. வடிவம் முடிவாவதற்கு முன்பே பக்கத்துக் கட்டடங்களை மாதிரிக்குள் வைக்க வேண்டும். வெயில் எல்லையையும் தெருமட்டக் காற்றையும் தோராயமாகவாவது முதல் வாரங்களிலேயே பார்க்க வேண்டும். தேடல் நிரலை முழு வடிவத்திடம் விடாமல், நிழல் தகடுகளின் இடைவெளி, ஜன்னலின் பரப்பு போன்ற உட்பகுதிகளுக்கு, வரம்புகளோடு கொடுக்கலாம். முதல் வழியின் காற்றுச் சுரங்கச் சோதனை உயரமான கட்டடத்துக்கு எப்படியும் வேண்டும். இரண்டாவது வழி அதற்கு மாற்று ஆகாது. லண்டனின் மையப் பகுதியை நிர்வகிக்கும் சிட்டி ஆஃப் லண்டன் மாநகராட்சி 2019-இல் தன் எல்லைக்குள் வரும் கட்டடங்களுக்குக் காற்று மதிப்பீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அப்படிப்பட்ட விதி இல்லாத ஊரிலும் அதே கண்டிப்போடு சோதனை நடத்தும்படி ஒப்பந்தத்தில் எழுதிவிடலாம்.

வடிவம் ஏற்கெனவே முடிவாகிவிட்ட நிலையில் இந்தக் கேள்வி எழுந்தால், முதலில் ஒளிப் பிரதிபலிப்பைப் பாருங்கள். செலவு குறைவு, விடை விரைவில் வரும். சூரியனை நோக்கிய உட்குழிந்த கண்ணாடி இருந்தால் அந்த ஒரு வளைவை மாற்றுவதற்காக மட்டும் வரைபடத்தைத் திரும்பத் திறப்பது தகும். அடுத்து, வாசல்களும் மூலைகளும் இருக்கும் இடங்களில் தெருமட்டக் காற்று. மூலையில் வேகம் கூடினால் வாசலை அங்கிருந்து நகர்த்தலாம். மேலிருந்து இறங்கும் காற்றைத் தடுக்கக் கீழ்த்தளங்களை அகலமாக்கலாம், அல்லது நடைபாதைக்கு மேல் விதானம் அமைக்கலாம். உள்ளே நுழையும் வெப்பத்தைக் கடைசியில் பார்த்தாலும் தாழ்வில்லை. அதைக் கண்ணாடியின் தரத்தாலும் வெளித் திரைகளாலும் பின்னரும் சரிசெய்துகொள்ளலாம், அந்தச் செலவும் கட்டியவரையே சேரும்.